மூன்றாம் எண்ணின் ரத்தம்

ஜூன் 11, செவ்வாய்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது. நானும் சேர்ந்துவிட்டேன். சேர விருப்பமா என்று யோசித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

டாக்டர் நப்பின்னை இளவயதுக்காரர். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். சிறுநீரகம் கெட்டால், ரத்தம் ஊறச் சொல்லும் சுரப்பும் நின்றுபோகும். அதற்காகத்தான் ஊசி. "ஊசி கொத்தனார் மாதிரி. இரும்புச் சத்து செங்கல். கொத்தனார் வந்து நின்னாலும் செங்கல் இல்லன்னா சுவர் எழும்பாது." அந்தச் செங்கலை எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருப்பது நல்லதா, குறைந்த பிறகு ஏற்றினால் போதுமா என்பதே ஆராய்ச்சி.

யாருக்கு இரும்பு, யாருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்பது எங்களுக்கும் தெரியக்கூடாது, டாக்டருக்கும் தெரியக்கூடாது. இரும்பு மருந்து கடுங்காப்பி நிறத்தில் இருக்குமாம். ஆகவே எல்லாப் பாட்டிலுக்கும் குழாய்க்கும் கறுப்புக் குடைத் துணியில் உறை. டாக்டரின் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். பாட்டில்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால் வௌவால்கள் போல இருக்கிறது.

பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக எங்களுக்குப் பெயரும் கிடையாது. கட்டில் எண்தான். நான் மூன்று. ஆராய்ச்சிப் பாட்டிலுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வேறு பிரிவிலிருந்து ஜெசிந்தா சிஸ்டரை வரவழைத்திருக்கிறார்கள். எங்களைத் தெரியாத ஒருவர்தான் வேண்டுமாம். ரத்தம் குறைந்தவர்களிடம் இரண்டு தடவை ரத்தம் எடுப்பானேன் என்று, வழக்கமான மாதப் பரிசோதனையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சிப் பரிசோதனையையே வைத்துக்கொள்கிறார்கள்.

நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

போனபோது என் கட்டிலில் மரியபுஷ்பம் டீச்சர் படுத்திருந்தார்.

டீச்சர் நான்காம் கட்டில். பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியை. மூன்றாம் கட்டிலின் ஜன்னலிலிருந்து பக்கத்துப் பள்ளியின் மைதானம் தெரியும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் படுங்க. இங்க கீழ பிள்ளைய டிரில் செய்யுதுவ. நான் பாக்காட்டி யாரு பாக்கது?" என்றார்.

நான்காம் கட்டிலுக்கு நேர் மேலே ஏ.சி. காற்று கொட்டும். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பது நினைவுக்கு வந்தது. போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் டீச்சர் ஜன்னல் வழியாக, "ஏல, ரெண்டாவது வரிசை! இடது கால்னா இடது காலு!" என்று ஒரு குரல் கொடுத்தார். எங்கள் பிரிவு இரண்டாம் மாடியில். அப்படியும் கீழே மைதானத்தில் ஒரு வரிசை முழுவதும் காலை மாற்றிக்கொண்டதாம். பக்கத்து அறையில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதாகவும் சொன்னார்கள்.

ஜெசிந்தா சிஸ்டர் வந்து, "எண் மூன்று?" என்றார்.

"உள்ளேன் அம்மா!" என்றார் டீச்சர்.

"எண் நான்கு?"

என்னைப் பார்த்தார். நான் நான்கில் படுத்திருக்கிறேன். ஆனால் நான் மூன்று. இதில் ஏதோ இடறுகிறது. யோசிப்பதற்குள் கை தானாக உயர்ந்துவிட்டது. பெரிய படிப்புப் படித்தவர்கள் போட்ட ஏற்பாடு. இதையெல்லாம் நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

ஐந்தாம் கட்டில் மைதீன் பிச்சை, ஜங்ஷனில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இன்று ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். யாருக்கு இரும்பு ஏறுகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். டீச்சரின் கையில் வைத்தார். ஒட்டவில்லை. என் கையில் வைத்தார். ஒட்டவில்லை. கையை எடுக்கும்போது கட்டில் கம்பியில் படாரென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று.

"பாத்தீரா வே," என்றார் மைதீன். "இரும்பெல்லாம் கட்டிலுக்குத்தான் ஏறுது. நமக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தோம்.

டீச்சருக்கு நல்ல செய்தி. தம்பி அருளப்பன் ஒரு சிறுநீரகம் தருவது உறுதியாகிவிட்டது. அறுவை அக்டோபரில். டாக்டர் ஒரே ஓர் எச்சரிக்கை சொல்லியிருக்கிறார். அதுவரை வேறு யாருடைய ரத்தத்தையும் ஏற்ற நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றினால் உடம்பு அந்நியர்களோடு சண்டை போடப் பழகிவிடும், பிறகு தம்பியின் சிறுநீரகத்தையும் விரட்டக்கூடும். ஆகவே டீச்சரின் ஹீமோகுளோபின் இறங்கக்கூடாது.

"அதெல்லாம் இறங்காது. நான் ஒரு பரீச்சையிலயும் ஃபெயில் ஆனதில்ல," என்றார் டீச்சர். அவர் அதை மார்க் என்றுதான் சொல்வார். இப்போது எல்லோரும் அப்படியே சொல்கிறோம்.

ஜூலை 2, செவ்வாய்

மார்க் வந்தது. டீச்சர் 9.8-லிருந்து 10.9. நான் 9.6-லிருந்து 8.9.

எதிர்பார்த்ததுதான். எனக்கு உப்புத் தண்ணீர் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஒன்று மட்டும் புரியவில்லை. இன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடியும் நிற்காமல் ஏறிவிட்டேன். மூச்சு வாங்கவில்லை. 8.9-க்கு வாங்கியிருக்க வேண்டும். மேலே போனதும், பார்ப்பவர்கள் தவறாக நினைக்கக்கூடாதே என்று கைப்பிடியைப் பிடித்துச் சற்று மூச்சு வாங்கினேன்.

ஜூலை 4, வியாழன்

டாக்டர் மருந்தைத் திருத்தினார். எனக்கு ரத்தம் ஊறும் ஊசி வாரம் ஒன்றிலிருந்து இரண்டு. டீச்சருக்கு நன்றாக ஏறுவதால் பாதியாகக் குறைப்பு. ஊசி போடுகிறவர் டெக்னீஷியன் இசக்கிமுத்து. அவருக்கு எங்களை முகத்தால் தெரியும். கட்டில் எண்ணெல்லாம் பார்ப்பதில்லை. என் ஊசி என் கையில்தான் ஏறியது. அதில் குழப்பமே கிடையாது.

ஜூலை 16, செவ்வாய்

என் மனைவி சங்கரவடிவு எனக்கு இரும்பு கிடைக்கவில்லை என்று தெரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் சமைக்கிறாள். தோசை, கூட்டு, பால். நேற்று ரசத்தில் ஒரு புது ஆணி கிடந்தது. தவறி விழுந்ததோ என்று எடுத்து வைத்தேன்.

"அது கிடக்கட்டும்," என்றாள். "கழுவித்தான் போட்டேன்."

இன்று டீச்சர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். செருப்பு வார் சரிசெய்வதாகச் சொன்னார். அவர் போட்டிருந்த செருப்பில் வார் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

டீச்சர் 12.7. நான் 7.8.

பிரிவே டீச்சருக்குக் கை தட்டியது. அவருக்கு ஊசி முற்றிலும் நிறுத்தம். அதற்கு மேல் ஏறினால் ரத்தம் தடித்துவிடுமாம். எனக்கு ஊசி வாரம் மூன்று. டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். "கண்ணு ஏதோ உறுத்தலா?" என்று கேட்டுச் சொட்டு மருந்து எழுதினார்.

ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. கவலையால் இருக்கலாம்.

வீட்டில் தண்ணீர்க் குடத்தை நானே மாடிக்குத் தூக்கி வந்தேன். சங்கரவடிவு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, மார்க் ஏழேமுக்காலுன்னீங்க?"

"ஏழு புள்ளி எட்டு."

"முப்பது வருசமா இந்தக் குடத்தைத் தொட்டதில்ல நீங்க."

உடம்பு ஏன் இப்படி நன்றாக இருக்கிறது என்று அவளுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. பரிசோதனைச் சாலை பொய் சொல்லாது. இறுதிக் கட்டத்தில் சிலருக்குத் திடீர்த் தெம்பு வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். விளக்கு அணையும் முன் சுடர்வது போல. அவளிடம் சொல்லவில்லை. எல்.ஐ.சி. தாள்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

ஏ.சி. காற்றில் என் பாட்டிலின் உறை ஒரு பக்கம் நழுவிவிட்டது. பார்க்கக்கூடாது என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

கடுங்காப்பி.

எனக்கு இரும்பு ஏறிக்கொண்டிருக்கிறது! கொத்தனார் வாரம் மூன்று முறை வருகிறார், செங்கலும் வருகிறது, சுவர் மட்டும் இடிந்துகொண்டே போகிறது. அப்படியென்றால் ஒன்றுதான் பொருள். உள்ளே எங்கோ ரத்தம் ஒழுகுகிறது.

இதைச் சொன்னால் உறைக்குள் பார்த்தது தெரிந்துவிடும், ஆராய்ச்சி கெடும். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். எதைச் செய்வது என்று தெரியாமல் உறையைச் சரியாக இழுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். சிறுநீரகத்துக்கு விடுமுறை கிடையாது.

மைதானத்தில் அணிவகுப்பு. டீச்சர் ஒரு வாரமாக இதற்குத்தான் காத்திருந்தார். கொடி ஏறியதும் தலையணையை அணைத்துச் சற்று நிமிர்ந்தார்.

"ஏல, மூணாவது வரிசை, கை முட்டுக்கு மேல வரணும்," என்றார்.

நான் அடுத்த கட்டிலில் இருக்கிறேன். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மறுபடி முயன்றார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை நகரவில்லை. கீழே ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜூனில் ஒரு வரிசையே கால் மாற்றிய குரல்.

"பிள்ளைய முந்தி மாதிரி இல்ல அண்ணாச்சி. சொன்னாக் கேக்க மாட்டக்கு," என்றார். உதடு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது.

"டீச்சர், உங்களுக்கு ஏதாவது... ஓரளவு... தளர்ச்சி மாதிரி..."

"பன்னெண்டே முக்கால் மார்க் வாங்குனவளுக்கு என்ன தளர்ச்சி? சோம்பேறித்தனம். நாளையிலயிருந்து மாடிப்படி ரெண்டு தடவ ஏறப் போறேன்."

என் மார்க் இறங்கிக்கொண்டே போவதால் இம்மாத ரத்தத்தை முன்கூட்டியே எடுக்க ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். டீச்சரின் குழாயிலிருந்து எடுத்த புட்டியில் ‘3’ என்று ஒட்டினார். என் ரத்தப் புட்டியில் ‘4’.

மூன்று என்பது, டாக்டரின் மேஜையில், ஆவுடையப்பன். அதாவது நான்.

நான் இரண்டு மாதமாக டீச்சரின் ரத்தத்துக்காகக் கவலைப்பட்டு, என் கையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் என் ரத்தம் ஏறுகிறது, அது டீச்சரின் மார்க்காகப் போகிறது, அதைப் பார்த்து டீச்சரின் ஊசியைக் குறைக்கிறார்கள், அதனால் டீச்சரின் ரத்தம் இறங்குகிறது, அது என் மார்க்காக வருகிறது, அதைப் பார்த்து எனக்கு இன்னொரு ஊசி. டீச்சருக்கென்று எழுதிய இரும்பையும் நானே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கவும் வாய்ப்பு உண்டு. நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்.

சங்கரவடிவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன்.

"நீங்க மழையில நனைஞ்சுக்கிட்டே ஆபீசுக்கு போன் போட்டு ‘மழை பெய்யுதா’ன்னு கேட்ட ஆளு," என்றாள். "அந்த அம்மா மூஞ்சியப் பாத்தீங்களா இல்லியா?"

"பார்த்தேன்."

"பெறகு என்ன கருவி வேணும் உங்களுக்கு?"

ஆகஸ்ட் 17, சனி

டாக்டரிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"டாக்டர், கட்டில்கள் தொடர்பாக, ஓரிரு இடங்களில், எண்கள் இடம்பெயர்ந்திருக்க லேசானது முதல் மிதமானது வரை வாய்ப்பு..."

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வியாழக்கிழமை எடுத்த ரத்தம். ஆவுடையப்பன் 7.0. மரியபுஷ்பம் 14.1.

"ஐயா, உங்க பேரு என்ன சொல்லுங்க?"

"ஆவுடையப்பன். ஆனால் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை நான் மரியபுஷ்பம்."

டாக்டர் என் தோளை மெதுவாகத் தட்டினார். இசக்கிமுத்துவிடம் தணிந்த குரலில், "ரத்தம் இவ்வளவு குறைஞ்சா மூளைக்கு ஆக்சிஜன் போகாது, குழப்பம் வரும்," என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற ஏற்பாடு. நான் மறுத்துத் தலையாட்டினேன். அதையும் ஓர் அறிகுறியாக எழுதிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

டீச்சர் அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். மைதானத்துப் பேண்டு வாத்தியம் கேட்டும் எழவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

எல்லோருக்கும் முன்னால் போய் மூன்றாம் கட்டிலில் படுத்துக்கொண்டேன். டீச்சர் தம்பி அருளப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. பிள்ளைய வந்துட்டுவ."

"இது என் கட்டில்," என்றேன்.

மைதீன் பிச்சை கையிலிருந்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"என்னது?"

"என் கட்டில். எனக்கு வேண்டும்."

"ஆம்பிளை, ஒரு ஜன்னலுக்குச் சண்ட போடுதியளே, வெக்கமா இல்ல?" என்றார் டீச்சர். அதற்கு மேல் பேச அவரிடம் மூச்சு இல்லை. என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்தார். பின்னால் இசக்கிமுத்து எனக்கான ரத்தப் பையோடு வந்தார். நான் கட்டிலில் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. தலை ஏ.சி. குழாயில் இடித்தது.

"டாக்டர், டீச்சருக்கு ரத்தம் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. அவர் புட்டியில் என் எண்ணை ஒட்டுகிறார்கள். அவருக்கு இன்றே மருந்து கொடுக்காவிட்டால் அக்டோபரில் அறுவை நடக்காது. இதில் வாய்ப்பு கீய்ப்பு எதுவும் இல்லை. இது நிச்சயம்."

"ஐயா, முதல்ல கீழ இறங்குங்க."

"இறங்க மாட்டேன். இரண்டு பேருக்கும் விரலில் குத்திப் பாருங்கள். எண் வேண்டாம். பெயர் சொல்லிப் பாருங்கள்."

என்னை இறக்குவதற்காகத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். விரலில் குத்தும் சின்னக் கருவி வந்தது. ஆவுடையப்பன், 14.3. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மரியபுஷ்பம், 6.9.

டீச்சர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "ஃபெயிலா?" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "என் மார்க்கையெல்லாம் நீங்களா வாங்குனீங்க?" என்றார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "வேற யாராவது கட்டில் மாறிப் படுத்தீங்களா?"

மைதீன் பிச்சையின் கை உயர்ந்தது. "நமக்கு டி.வி. நேரா இருக்கணும் டாக்டர்." ஏழாம் கட்டில், ஃபேன் சத்தம். ஒன்பதாம் கட்டில், வடக்கே தலை வைக்க மாட்டாராம். பதினோராம் கட்டிலும் பன்னிரண்டாம் கட்டிலும் சம்பந்திகள், பேச்சுவார்த்தை இல்லாததால் நடுவில் ஆள் போட்டிருக்கிறார்கள். கடைசியில் கை தூக்காதவர் ஆறாம் கட்டில்காரர் மட்டுமே. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். சிறிது நேரத்துக்குப் பிறகு அது சிரிப்புதானா என்பது சந்தேகமாக இருந்தது.

எனக்கான ரத்தப் பை திரும்பிப் போயிற்று. டீச்சருக்கு அதை ஏற்றுவதா என்று டாக்டர் நெடுநேரம் யோசித்தார். நெஞ்சு வலி இல்லை, படுத்திருக்கும்போது மூச்சு முட்டவில்லை. "பத்து நாள் பொறுத்துப் பாப்போம். தினமும் நான் பாக்கணும். மூச்சு முட்டினா அந்த நிமிஷமே ரத்தம்தான், தம்பி கிட்னிய அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். நிறுத்திய ஊசி மறுபடி தொடங்கியது, இரும்பும் உடனே ஏறியது. உறை இல்லாமல். நாங்கள் எல்லோரும் அந்தக் கடுங்காப்பி சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

டீச்சர் 7.3. ரத்தம் ஏற்றவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

டீச்சர் 8.5. எனக்கு ஊசி நிறுத்தியதில் 12.4-க்கு இறங்கியிருக்கிறேன். இன்று படியேறும்போது லேசாக மூச்சு வாங்கியது. பெரிய நிம்மதி.

ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்குகிறது. இம்முறை பெயர்தான். அது போதாது என்று, விளையாட்டு விழாவில் ஓடுகிறவர்களுக்குப் போல ஆளுக்கொரு எண் துணி நெஞ்சில் குத்த வேண்டும் என்பது டீச்சரின் யோசனை. டாக்டரின் அம்மா தைத்துவிட்டார். மைதீன் பிச்சை அதைச் சட்டையோடு கழற்றி சம்பந்தி ஒருவருக்கு மாற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். உடனே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

டீச்சர் 10.2. அறுவை அடுத்த புதன். அதற்குப் பிறகு அவர் இங்கே வர வேண்டியிருக்காது. நான்காம் கட்டிலுக்கு வேறு யாராவது வருவார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் கட்டில் என்னுடையது. ஜன்னலும். டீச்சருக்கு நான்காம் கட்டிலிலிருந்து மைதானம் தெரியாது. ஆகவே நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்ன செய்யுதுவ அண்ணாச்சி?"

"வடக்குப் பக்கம் இரண்டு வரிசைகள். பரவலாகக் கை உயர்கிறது. ஓரிரு பிள்ளைகள்..."

"ரேடியோவா வாசிக்கியரு? சரியா, தப்பா? ஒத்தச் சொல்லுல சொல்லும்!"

கடைசி வரிசையில் ஒரு பையன் எல்லோரும் வலது பக்கம் திரும்பும்போது இடது பக்கம் திரும்பி நின்றான்.

"தப்பு," என்றேன்.

"எவன்?"

"கடைசி வரிசை, மூணாவது."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். குழாய்கள் ஆடின. இசக்கிமுத்து ஓடி வந்தார்.

"ஏல, கடைசி வரிசை மூணாவது! எங்கல பாக்க?"

காக்கை பறந்துவிட்டது. பையன் துள்ளித் திரும்பி, ஆஸ்பத்திரியை நிமிர்ந்து பார்த்தான்.

பார்த்தான். அதில் சந்தேகம் இல்லை.